தானாக நின்ற வேட்டி

மாணிக்கவாசகத்துக்கு வெள்ளை என்றால் உயிர். சட்டை வெள்ளை, கார் வெள்ளை, மேஜை விரிப்பு வெள்ளை. தலையில் மிச்சமிருந்த நாலைந்து கறுப்பு முடிகளைக்கூட அவர் வேண்டாத விருந்தாளிகளாகத்தான் நடத்தினார். நரேலாவில் மக்காச்சோளத்தை ஊறவைத்து, அரைத்து, ஸ்டார்ச் எடுக்கும் ஒரு தொழிற்சாலைக்கு அவர் ஜெனரல் மானேஜர். அந்த ஸ்டார்ச் பிஸ்கட்டுக்குப் போகும், காகிதத்துக்குப் போகும், துணி ஆலைக்குப் போகும். எங்கே போனாலும் அதன் வெண்மையைப் பற்றி யாரும் ஒரு சொல் குறைத்துப் பேசக்கூடாது. பேசினால் வீட்டுப் பெண்ணைக் குறை சொன்ன மாதிரி மனிதர் பொங்கிவிடுவார்.

அப்பேர்ப்பட்டவரிடம் போய், "சார், நம்ம ஸ்டார்ச் சாக்கடையில போகுது" என்று சொன்னால் சும்மா இருப்பாரா? சுபாஷிணி சொன்னாள். அதுவும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக் காலை மீட்டிங்கில், முதலாளி பல்லா சாஹிப் எதிரில் போட்டு உடைத்தாள்.

சுபாஷிணி அங்கே ப்ராசஸ் இன்ஜினியர். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் பிறந்தவள், புசா ரோடு தமிழ்ப் பள்ளியில் படித்தவள், இப்போது ஆர்.கே.புரத்தில் கணவன் அர்விந்தோடு இருப்பவள். மெட்ரோ, பஸ், ஷேர் ஆட்டோ என்று மாறி மாறித் தினமும் டில்லியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய் வருவாள். அலுத்துக்கொண்டதே இல்லை. ஊறிய சோளத்தின் புளித்த வாசனையும் இயந்திரங்களின் உறுமலும் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். பைத்தியம் என்று அர்விந்த் சொல்லுவான். அவள் மறுத்ததில்லை.

அந்தப் பைத்தியத்துக்குத்தான் இப்போது ஆபத்து. நிலத்தடி நீர் எடுப்பதை மாதக் கடைசிக்குள் பாதியாகக் குறைக்காவிட்டால் போர்வெல்லுக்கு சீல் வைப்போம் என்று நோட்டீஸ் வந்திருந்தது. பல்லா சாஹிப் ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தார். "பானி நஹீன் தோ சலோ குஜராத்", தண்ணீர் இல்லையா, குஜராத்துக்குக் கிளம்பு என்றார். அங்கே அவர் மைத்துனரின் நிலம் சும்மா கிடந்தது. திங்கட்கிழமை அதைத் தீர்மானிக்கப் போகிறார். தொழிற்சாலை குஜராத் போனால் இங்கே வேலை செய்கிற அத்தனை பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சுபாஷிணியும்தான். அர்விந்துக்கு மத்திய அரசு உத்தியோகம். அவன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் குஜராத் போக முடியாது.

அதனால் அவள் ஒரு திட்டம் கொண்டு வந்திருந்தாள். ஸ்டார்ச்சைப் பல கட்டமாகக் கழுவுவார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் புதுத் தண்ணீர். கடைசியில் ஒரு பெரிய எந்திரக் கூடை சுற்றிச் சுற்றி மாவைப் பிழியும். பிழிந்த நீர் நேரே வாய்க்காலுக்குப் போய்விடும். சுபாஷிணி கேட்டது இவ்வளவுதான்: புதுத் தண்ணீரைக் கடைசிக் கட்டத்தில் மட்டும் விடலாம். அங்கே கழுவிய நீரை அதற்கு முந்தைய கட்டத்துக்கும், அதை அதற்கும் முந்தையதற்குமாகப் பின்னோக்கித் திருப்பலாம். பிழிந்த நீரையும் முதல் கட்டத்தில் சேர்த்தால் அதில் ஓடிப்போகும் மாவும் வீடு திரும்பிவிடும். சில பம்ப், கொஞ்சம் குழாய், ஒரு தொட்டி. ஜூன் மாதத்து டில்லியில் துணி அலசுகிற எந்த வீட்டிலும் நடப்பதுதான் இது. கடைசியாக அலசின வாளித் தண்ணீர்தான் அடுத்த ஈட்டுத் துணிக்கு முதல் தண்ணீர்.

"எச்சித் தண்ணியில மாவைக் கழுவச் சொல்லுதியா?" என்று மாணிக்கவாசகம் கேட்டார். திருநெல்வேலியை விட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அவர் நாக்கு மட்டும் இன்னும் டில்லி வந்து சேரவில்லை. "மங்கிப் போவும்மா. அப்புறம் நம்ம மாவை எவன் தொடுவான்? அதுவும் போக, அந்தத் தண்ணியில ஸ்டார்ச்சே கிடையாது. லாப் ரிப்போர்ட் நில்லுன்னு, சுத்தமாப் பூஜ்யம்னு சொல்லுதுல்லா."

சொல்லிவிட்டு லாப் வேணுவிடம் கையை நீட்டினார். வேணு ஒரு பாட்டிலைக் கொடுத்தான். உள்ளே தண்ணீர் பளிங்காக இருந்தது. சுபாஷிணியும் தன் கைப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வைத்தாள். அது அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுப்பாக இருந்தது. இரண்டும் ஒரே குழாயில் பிடித்தவை.

"வேணு அதை ராத்திரி முழுக்க அலமாரியில வச்சு, மாவு அடியில தங்கினப்புறம் மேலாப்புல தெளிஞ்சதை மட்டும் எடுக்கறார், சார். அதான் நில் வருது. நான் பிடிச்ச உடனே குலுக்கி எடுத்தேன்."

"தெளிஞ்ச தண்ணியைத்தான் லாப் மெஷின்ல விடணும்னு நான் போட்ட ரூல் அது. நீ பிழியுத மெஷினைக் கழுவிவிட்ட நேரமாப் பாத்துப் பிடிச்சிருப்ப."

பல்லா சாஹிப் இரண்டு பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு பக்கம் இருபது வருஷ விசுவாசம், மறு பக்கம் ஒரு பெண்ணின் கைப்பை. "மண்டே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் எந்தப் பாட்டிலை நம்பினார் என்பதை ஊகிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. சுபாஷிணிக்கு அழுகை வந்தது. வந்ததை மானத்துக்குப் பயந்து திருப்பி அனுப்பினாள்.

அத்தோடு விட்டிருந்தால் மாணிக்கவாசகம் ஜெயித்திருப்பார். ஜெயித்தவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள் என்பதுதான் உலகத்தில் பாதிக் கதைகளுக்குக் காரணம்.

ஆர்.கே.புரத்தில் முத்தமிழ் நேசர் மன்றம் என்று ஒன்று உண்டு. மாணிக்கவாசகம்தான் அதற்கும் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை வைகாசி விசாகம். மன்றத்திலிருந்து மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் பால் குடம் போகும். தொண்டர்கள் எல்லாரும் ஒரே மாதிரி வேட்டி கட்ட வேண்டும் என்பது செயலாளர் போட்ட சட்டம். டில்லியில் ஆளாளுக்கு ஒரு வேட்டி எடுத்து வந்தால் ஒன்று கல்யாணத்தில் கட்டி மஞ்சள் படிந்திருக்கும், இன்னொன்று பெட்டியில் கிடந்து பழுத்திருக்கும். அதைப் பார்த்தால் அவருக்கு ரத்தம் கொதிக்கும். ஆகவே ஐம்பது வேட்டிகளையும், இருக்கட்டும் என்று கூடுதலாக ஒன்றையும் மன்றமே வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தது. விசாகத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் சேர்த்துத் துவைத்து, இஸ்திரி போட்டு, காலையில் ஆளுக்கொன்று கொடுப்பார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மன்றத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. குழாய் இருமிக்கொண்டிருந்தது. டாங்கர்காரர்கள் போனை எடுக்கவில்லை. வேட்டிகள் துவைக்கப்படாமல் கிடந்தன. மாணிக்கவாசகம் தொழிற்சாலை முற்றத்தில் நின்று யோசித்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்ததைச் சுபாஷிணி ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"ஏம்மா சுபா, இங்க வா. நீ ஸ்டார்ச் ஸ்டார்ச்சுன்னு சொல்லுதியே அந்தத் தண்ணி, அதுல ஒரு டாங்கர் நம்ம மன்றத்துக்கு அனுப்பப்போறேன். விசாகத்துக்கு வேட்டி அதுலதான் அலசணும். போதுமா?"

"சார், வேண்டாம். அதுல ஸ்டார்ச் இருக்கு."

"நில்."

"சரி சார். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் எடுக்க வேண்டாம்."

"அது எனக்குத் தெரியாதா? துணிக்கும் தரைக்கும்தான்."

ஒரு தடவை சொன்னால் அறிவுரை, இரண்டு தடவை சொன்னால் நச்சரிப்பு. சுபாஷிணி அதற்கு மேல் சொல்லவில்லை. பிழிந்த நீர் விழும் குழாயின் அடியில் டாங்கரை நிறுத்தி வழிய வழிய நிரப்பினார்கள். டாங்கர் நரேலாவை விட்டுக் கிளம்பிற்று. அங்கிருந்து ஆர்.கே.புரம் வரைக்கும் எத்தனை வேகத்தடை, எத்தனை பள்ளம், எத்தனை திடீர் பிரேக் என்பதை டில்லிவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேணுவின் அலமாரியில் அசையாமல் படுத்துத் தூங்கிய மாவு இந்தத் தடவை ஒரு நிமிஷம்கூடக் கண்ணயரவில்லை. மன்றத்து வாசலில் டாங்கர் வந்து நின்றபோது உலகத்திலேயே மிக நன்றாகக் குலுக்கப்பட்ட சாம்பிள் அதுதான்.

சனிக்கிழமை வேட்டிகளைச் சோப்பில் துவைத்து டாங்கர் தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டார்கள். காய்ந்ததும் காலனி வேப்பமரத்தடியில் இஸ்திரிக் கடை வைத்திருக்கும் ஷீலா தீதியிடம் போயிற்று. அர்விந்தும் தொண்டர் படையில் இருந்ததால் மூட்டையைச் சுமந்துபோனவர்களில் அவனும் ஒருவன். திரும்பி வந்து, "துணியெல்லாம் கொஞ்சம் இட்லி மாவு வாசனை அடிக்குது. மத்தபடி அச்சா" என்றான்.

சுபாஷிணி காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி பாதியில் நின்றது. "ஷீலா தீதி கரி இஸ்திரிதானே வச்சிருக்கா?"

"ஆமா. சூடுன்னா சூடு, அப்படி ஒரு சூடு. ஏன்?"

"பச்சை ஸ்டார்ச் துணியில ஒட்டிக்கிட்டிருந்தா ஒண்ணும் தெரியாது, அர்விந்த். சூடு பட்டாத்தான் வெந்து கஞ்சியாகும்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஐம்பது வேட்டி. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மாணிக்கவாசகத்துக்குப் போன் செய்தாள். "சார், அந்த வேட்டி..." என்று ஆரம்பித்ததுமே, "நாளைக்கு விசாகம்மா, ஆபீஸ் விஷயம் மண்டே பேசுவோம்" என்று அவர் வைத்துவிட்டார். சுபாஷிணி போனை மேஜையில் வைத்தாள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தவளை எழுப்ப அர்விந்துக்கு வெகு நேரம் ஆயிற்று. எழுப்ப வந்தவனும் சிரித்துக்கொண்டிருந்ததால் அந்த வேலை உருப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் காலை மன்றத்தில் வேட்டிகள் பலகை பலகையாக அடுக்கப்பட்டிருந்தன. பிரிக்கும்போது ஒவ்வொன்றும் படபடவென்று அப்பளம் நொறுங்குகிற சத்தம் போட்டது. சுற்றிக் கட்டினால் இடுப்பில் படியாமல் குழாய் மாதிரி வட்டமாக நின்றது. பிறந்ததிலிருந்து வேட்டி இடுப்பில் நிற்குமா என்ற பயத்திலேயே வாழ்ந்த டில்லிப் பையன் அர்விந்த், முதல் தடவையாக பெல்ட் போடாமல் நடந்தான். வேட்டி அவனைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது.

மாணிக்கவாசகம் மட்டும் பூரித்துப் போயிருந்தார். "பாத்தியளா, என்ன வெள்ளை, என்ன மிடுக்கு" என்று ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்தார். தடவும்போது தன் வேட்டியும் கதவைத் தட்டுகிற மாதிரி சத்தம் போட்டதை அவர் காதில் வாங்கவில்லை. மனசுக்குப் பிடித்ததை மட்டும் கேட்கிற காது சிலருக்கு உண்டு.

ஊர்வலம் கிளம்பிற்று. தவில் ஒரு பக்கம், நாதஸ்வரம் ஒரு பக்கம், நடுவில் சரக் சரக் என்று ஐம்பது வேட்டிகள். முழங்காலை மடக்க முடியாததால் எல்லாரும் குடியரசு தின அணிவகுப்பு மாதிரி விறைப்பாக நடந்தார்கள். ஆட்டோக்காரர்கள் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் தன்னையறியாமல் சல்யூட் வைத்துவிட்டார். பால் குடம் ஏந்திப் பின்னால் வந்த பெண்கள் சிரித்துச் சிரித்துக் குடத்துப் பாலில் கொஞ்சத்தைத் தங்கள் தலைக்கே அபிஷேகம் செய்துகொண்டார்கள். சுபாஷிணி குடத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முருகா, சிரிப்பை அடக்கிக் கொடு என்று வேண்டிக்கொண்டாள். வேறு வேண்டுதல் ஒன்றும் இருந்தது. அதைத் திங்கட்கிழமைக்கு வைத்திருந்தாள்.

மலை மந்திர் படிகள் வந்ததும் நிஜமான சோதனை ஆரம்பித்தது. நேராகக் காலைத் தூக்கினால் வேட்டி விடவில்லை. முதல் படியில் மாணிக்கவாசகம் மூன்று தடவை முயன்று பார்த்தார். பிறகு மெல்லப் பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியைப் பிடித்து, நண்டு மாதிரி ஏறினார். செயலாளர் வழியே தொண்டர் வழி. ஐம்பது பேரும் ஒரே திசையில் திரும்பி, ஒரே மாதிரி பக்கவாட்டில் ஏறினார்கள். மேலேயிருந்து இறங்கிக்கொண்டிருந்த ஒரு மாமி, இது ஏதோ வேண்டுதல் போல என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வெயில் ஏறியது. வியர்வை இறங்கியது. விறைத்திருந்த கஞ்சி இடுப்புப் பக்கமாக இளகிப் பிசுபிசுக்க ஆரம்பித்தது. சந்நிதியில் சாஷ்டாங்கமாக விழ நினைத்தவர்கள் பாதி விழுந்து, மீதி விழ முடியாமல் நின்றபடியே முருகனைச் சேவித்தார்கள். அவர் கோவித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

மதியம் மன்றத்தில் பந்தி. பல்லா சாஹிப் வருஷா வருஷம் விசாகத்துக்கு வருவார். பக்தி பாதி, சர்க்கரைப் பொங்கல் பாதி. அவர் வந்தபோது, அதே டாங்கர் தண்ணீரில் கழுவிய மன்றத்துத் தரை ஒரு மாதிரி வெள்ளை பூத்திருந்தது. இலை போட்டும் யாரும் உட்காரவில்லை. ஐம்பது பேரும் இலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். தன்னை வரவேற்கத்தான் எழுந்து நிற்கிறார்கள் என்று நினைத்து அவர் கூச்சத்தோடு கை கூப்பி, "பைட்டியே, பைட்டியே" என்றார். மாணிக்கவாசகம் முதலாளி பேச்சைத் தட்டாமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தார், வேட்டி உட்காரவில்லை. முன்பக்கம் கூடாரம் மாதிரி மார்பு வரைக்கும் எழும்பி நின்றது.

பல்லா சாஹிப் கூடாரத்தைப் பார்த்தார். கையை நீட்டி வேட்டியின் கரையை இரண்டு விரலால் கசக்கினார். தகப்பன் காலத்திலிருந்து துணி ஆலைகளுக்கு ஸ்டார்ச் விற்ற விரல்கள் அவை. கசக்கிய விரலை முகர்ந்து பார்த்தார். பிறகு நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார்.

"அரே, யே தோ அப்னா மால் ஹை." அட, இது நம்ம சரக்காச்சே!

சுபாஷிணி சாம்பார் வாளியோடு நின்றுவிட்டாள். இப்போது சொல்லித்தானே ஆக வேண்டும் என்று மாணிக்கவாசகத்தின் முகத்தைப் பார்த்தாள். ஆனால் பல்லா சாஹிப்புக்கு வந்தது கோபம் இல்லை. ஆனந்தம். தன் கம்பெனி ஸ்டார்ச்சை மன்றத்துக்காரர்கள் வாங்கி வேட்டிக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து மாணிக்கவாசகத்தின் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

நழுவ ஒரு சந்து கிடைத்துவிட்டது. மாணிக்கவாசகம் எச்சில் விழுங்கினார். "ஜீ சாஹிப்," என்றார், "அப்னா ஹீ மால்."

சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. அதனால்தான் சுபாஷிணிக்கு வயிறு எரிந்தது. சாம்பார் வாளியை அவர் கூடாரத்தின் மேல் கவிழ்த்தால் என்ன என்று ஒரு கணம் நினைத்தாள். சாம்பார் நன்றாக இருந்ததால் விட்டுவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஷீலா தீதி வந்து நின்றாள். கையில் இஸ்திரிப் பெட்டி. அதன் அடியில் கறுப்பாக, கட்டியாக, கருகின தோசை மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. அவள் நேரே செயலாளரிடம் போய் ஹிந்தியில் பொரிந்து தள்ளினாள்: தான் கலஃப், அதாவது கஞ்சி, போடவே இல்லையாம். இஸ்திரியை வைக்க வைக்க துணி அட்டையாகிப் பெட்டியில் பிடித்துக்கொண்டதாம். நேற்றிலிருந்து சுரண்டியும் போகவில்லையாம். மற்றவர்கள் துணியில் எல்லாம் கறை படிகிறதாம். "பானி மே ஹீ தா, சாப்" என்று முடித்தாள்.

தண்ணீரிலேயே இருந்தது. பல்லா சாஹிப் அப்போது சர்க்கரைப் பொங்கலில் முழுகியிருந்ததால் அந்த வாக்கியம் அவர் காதில் ஏறவில்லை. மாணிக்கவாசகத்தின் காதில் ஏறியது. அவர் இஸ்திரிப் பெட்டியை வாங்கி அடியைப் பார்த்தார், நகத்தால் கீறினார், தன் வேட்டியைப் பார்த்தார், வெள்ளை பூத்த தரையைப் பார்த்தார். பிறகு ஷீலா தீதியிடம் தணிந்த குரலில், "நயா லே தூங்கா" என்று புதுப் பெட்டிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, இலையில் கை வைக்காமல் எழுந்து, சரக் சரக் என்று வெளியே போய்விட்டார். போகும்போது சுபாஷிணியின் பக்கம் திரும்பவில்லை.

"நாளைக்கு அவர் சொல்லுவாரா?" என்று வீட்டுக்கு நடக்கும்போது அர்விந்த் கேட்டான்.

"சொல்லலேன்னா நான் சொல்லுவேன். ஆனா நான் சொன்னா மறுபடி பாட்டிலுக்குப் பாட்டில்தான்" என்றாள் சுபாஷிணி. இந்தத் தடவை அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை மீட்டிங்குக்கு மாணிக்கவாசகம் தாமதமாக வந்தார். அவர் தாமதமாக வந்து யாரும் பார்த்ததில்லை. பல்லா சாஹிப் அதற்குள் குஜராத் நிலத்தின் வரைபடத்தை மேஜையில் விரித்துவிட்டார். சுபாஷிணிக்கு அந்த வரைபடத்தில் தன் நாற்காலி எங்கேயும் தெரியவில்லை. மாணிக்கவாசகம் கையில் ஒரு துணிப்பை இருந்தது. அதிலிருந்து நேற்றைய வேட்டிகளில் ஒன்றை, ஐம்பது பேருக்கும் கொடுத்தது போக மிஞ்சியதை எடுத்தார். படபடவென்று பிரித்தார். வட்டமாகச் சுருட்டி, வரைபடத்தின் நட்ட நடுவில், குஜராத்தின் தலை மேலேயே நிறுத்தினார். கையை எடுத்தார்.

வேட்டி நின்றது. ஃபேன் காற்றில் லேசாக ஆடியது. விழவில்லை.

"க்யா ஹை யே?" என்றார் பல்லா சாஹிப்.

மாணிக்கவாசகம் தன் திருநெல்வேலி ஹிந்தியில் எல்லாவற்றையும் சொன்னார். நேற்று நம் சரக்கு என்று சொன்னது நிஜம், ஆனால் தான் அதை வாங்கவில்லை, வாய்க்காலுக்குப் போகிற தண்ணீரில் வேட்டியை அலசியதும் இப்படி ஆயிற்று, கலஃப் என்று யாரும் ஒரு சிட்டிகைகூடப் போடவில்லை, லாப் பாட்டிலில் தெளிந்ததை மட்டும் எடுக்கச் சொன்னது தன் சட்டம், வேணுவின் மேல் தப்பு இல்லை, இந்தப் பெண் வெள்ளிக்கிழமையே சொன்னாள், சனிக்கிழமையும் போன் செய்தாள், நான்தான் வைத்துவிட்டேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். இடையில் நிறுத்தினால் தைரியம் போய்விடும் என்று பயந்த மாதிரி இருந்தது. முடித்துவிட்டு, தமிழில், யாரிடம் என்று இல்லாமல், "பாட்டில் பொய் சொல்லும். வேட்டி சொல்லாது" என்றார்.

பல்லா சாஹிப் எழுந்து வேட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். விரலால் சுண்டினார். டங் என்றது. ஆக இருபது வருஷமாக நான் நரேலா சாக்கடைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தேனா என்று கேட்டார். வேணு தாங்க முடியாமல் ஒரு சத்தம் போட்டான். அதைத் தும்மலாக மாற்றப் பார்த்தான். பலிக்கவில்லை. முதலில் சிரித்தது பல்லா சாஹிப்தான். பிறகு அறை முழுக்கச் சிரித்தது. சுபாஷிணிக்கு வெள்ளிக்கிழமை திருப்பி அனுப்பிய அழுகை, சிரிப்போடு சேர்ந்து வட்டியும் முதலுமாக வந்துவிட்டது.

மாதக் கடைசி வரைக்கும் அவளுக்கு அவகாசம் கிடைத்தது. பாதியாகக் குறைந்தால் இங்கே, குறையாவிட்டால் குஜராத்.

அதற்குப் பிறகு நடந்தது வேலை இல்லை, கூத்து. குழாய் ஒரு நாள் வந்தது, அதற்கான மூடி மறுநாள் வந்தது. பம்ப் ஒன்று தலைகீழாகச் சுற்றித் தொட்டித் தண்ணீரை மாணிக்கவாசகத்தின் வெள்ளைக் கார் மேல் வாரி இறைத்தது. அவர் அது காய்ந்த இடத்தை மட்டும் விரலால் தேய்த்துப் பார்த்து, "இதுலயும் இருக்கும்மா" என்றார். பின்னோக்கித் திருப்பிய நீரில் கழுவிய முதல் மாவு வந்தபோது அவர் அதை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு வெயிலுக்கு ஓடினார். மறு கையில் பழைய மாவு. திட்டத்தில் சுபாஷிணிக்கே பயமான இடம் அதுதான். அவர் இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அப்புறம் எந்தக் கையில் எது என்பது அவருக்கே மறந்துபோய் விழித்தார். அந்த விழிப்பைவிட நல்ல சர்டிபிகேட் உலகத்தில் கிடையாது.

கடைசி நாள் தண்ணீர் மீட்டரைப் படித்தார்கள். பாதிக்கும் கீழே இருந்தது. பல்லா சாஹிப் கை கொடுக்க வந்தார். மாணிக்கவாசகம் குறுக்கே புகுந்து, "இருங்க சாஹிப், மீட்டர் பாதிக் கதைதான் சொல்லும்" என்று நிறுத்திவிட்டார். வாய்க்காலில் இப்போது நூல் மாதிரி வழிந்துகொண்டிருந்த நீரைக் காலையிலேயே ஒரு வாளியில் பிடித்து, குலுக்கி, அதே வேட்டியை முதலில் நன்றாகத் துவைத்துக் கஞ்சியெல்லாம் போக்கி, இந்த நீரில் அலசிக் காயப் போட்டிருந்தார். ஷீலா தீதியைப் புது இஸ்திரிப் பெட்டியோடு தன் காரிலேயே நரேலாவுக்கு அழைத்தும் வந்திருந்தார். மீட்டிங் மேஜை மேலே அவள் கரி ஊதி, சூடேற்றி, அழுத்தித் தேய்த்தாள். பெட்டியின் அடியைத் திருப்பிக் காட்டினாள். பளபளவென்று இருந்தது.

எல்லாரும் சுற்றி நின்றார்கள். வேணு நகத்தைக் கடித்தான். மாணிக்கவாசகம் வேட்டியைப் பிரித்தார். சத்தம் இல்லை. வட்டமாகச் சுருட்டி மேஜையில் நிறுத்தி, கையை எடுத்தார்.

வேட்டி பொத்தென்று விழுந்தது.

அவர் மறுபடி நிறுத்தினார். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை அது கையை விடுவதற்கு முன்பே குழைந்து சரிந்தது. தன் வாழ்நாளில் துவண்ட வேட்டியைக் கண்டு முகம் சுளிக்காத ஒரே சந்தர்ப்பமாக மாணிக்கவாசகம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது.

"விழுந்துட்டும்மா" என்றார்.

"விழுந்துடுச்சு, சார்" என்றாள் சுபாஷிணி. பல்லா சாஹிப் குஜராத் வரைபடத்தைச் சுருட்டி மைத்துனருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். சுபாஷிணி மேஜையில் கிடந்த வேட்டியை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். மெத்தென்று இருந்தது.